பழைய லாரியின் அடிச்சட்டம்

அமெரிக்காவின் வட மாநிலங்களாகிய மிச்சிகன், ஒஹையோ, நியூயார்க் முதலியவற்றில் பல்லாண்டு ஓடித் தேய்ந்த பழைய பிக்கப் லாரி ஒன்று விலைக்கு வருகிறதென்றால், விஷயம் தெரிந்தவர் முதலில் அதன் வர்ணத்தையோ இஞ்சினின் ஓசையையோ கவனிப்பதில்லை. சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, கையில் ஒரு சிறு சுத்தியலும் கூரான குத்தூசியும் வைத்துக்கொண்டு, முன்னிருந்து பின்வரை நீண்டு கிடக்கும் இரண்டு இரும்புச் சட்டங்களைத் தட்டிக்கொண்டே போகிறார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும்; துருவேறி உளுத்த இரும்பு மொத்தென்று சப்திக்கும்; இன்னும் மோசமான இடத்தில் குத்தூசி தடையின்றி உள்ளே போய்விடும். வர்ணம் மங்கியிருந்தால் பூசிக்கொள்ளலாம். இஞ்சின் கெட்டிருந்தால் வேறொன்று தேடலாம். பேர்போன பழைய வண்டிகளுக்குக் கதவும் மட்கார்டும்கூடப் பழைய வடிவத்திலேயே புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஆனால் அடிச்சட்டம், நம் பட்டறைக்காரர்கள் ‘சேஸ்’ என்று சொல்லும் அந்த உறுப்பு, போய்விட்டால் மற்றவை அனைத்தும் பொருந்தி நிற்க ஸ்தானமே இல்லாமற் போகிறது.

அந்தச் சட்டத்தைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே வைத்துச் செப்பனிடுகிறவர்கள் அந்நாட்டில் பலர். அதற்குக் காரணம் அவர்களுடைய தைரியம் மாத்திரமன்று, லாரியின் அமைப்பும்தான். இக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றில் எது சட்டம், எது மேற்கூடு என்று பிரித்துச் சொல்ல இயலாது. தகடுகளெல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, முழுக் கூடுமே பாரத்தைத் தாங்குகிறது. பிக்கப் லாரியோ, 1925-ஆம் ஆண்டில் ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி வண்டியின் பின்புறத்தில் ஒரு சரக்குப் பெட்டியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி 281 டாலருக்கு விற்க ஆரம்பித்த நாள் முதல், பெரும்பாலும் கீழே சட்டம், மேலே கூடு என்ற பழைய முறையையே விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. ஆதலால் போல்ட்டுகளைக் கழற்றி, இஞ்சின் தூக்கும் சங்கிலிக் கப்பி ஒன்றையும் நாலைந்து நண்பர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டால், ஓட்டுநர் அறையையும் சரக்குத் தொட்டியையும் தனித்தனியே தூக்கி அப்புறப்படுத்திவிட்டு, சட்டத்தை மாத்திரம் வெளிச்சத்தில் கிடத்திப் பார்க்கலாம்.

1947 முதல் 1955 வரை செவர்லே கம்பெனி விற்ற ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையில் 3100 என்னும் அரை டன் லாரியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 116 அங்குலம். ஏணியின் இரு கால்களைப் போல் இரண்டு நீண்ட சட்டங்கள். படிகளைப் போல் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். நீண்ட சட்டம் ஒவ்வொன்றும் பட்டையாக அடித்த குழாயன்று. எஃகுத் தகட்டை மூன்று பக்கமாக மடித்து, ஒரு பக்கம் திறந்தபடியே விட்ட வாய்க்கால் வடிவம். நிமிர்ந்து நிற்கும் பாகத்தை நடுத்தகடு என்றும், மேலும் கீழும் மடிந்து நிற்கும் பாகங்களை மேல் விளிம்பு, கீழ் விளிம்பு என்றும் வைத்துக்கொள்வோம். பின்னால் இந்தப் பெயர்கள் நமக்கு வேண்டியிருக்கும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பிடிப்பவை ரிவெட்டுகள். அக்காலத்தில் மோட்டார்ச் சட்டம் செய்வது எவ்வளவு பெரிய தொழிலாக வளர்ந்திருந்தது என்பதற்கு மில்வாக்கி நகரத்து ஏ. ஓ. ஸ்மித் கம்பெனியின் தொழிற்சாலை ஒன்றே சாட்சி. 1921-இல் இயங்கத் தொடங்கிய அந்த யந்திரத் தொகுதி, மனிதர் கை அதிகம் படாமலே தகட்டை வெட்டி, வளைத்து, துளையிட்டு, ரிவெட் அடித்து, ஏறக்குறைய எட்டு வினாடிக்கு ஒன்றாக, நாளொன்றுக்குச் சுமார் 10,000 சட்டங்களை வெளியே தள்ளியது. 1958 வரை அது ஓடியது. எட்டு வினாடிக்கு ஒன்றாகப் பிறந்த ஒரு பொருளை மீட்க ஒரு மனிதன் தன் ஓய்வு நாட்களையெல்லாம் செலவிடுகிறான் என்பதில் சற்று வேடிக்கை இல்லாமற் போகவில்லை.

இனி, இந்தச் சட்டங்களைத் தின்பது எது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் நமக்கு மழையும் கடற்காற்றும் தெரியும். சாலையில் உப்பை வாரி இறைக்கும் வழக்கம் தெரியாது. பனி உறையும் அந்தப் பிரதேசங்களில், உப்புக் கலந்த நீர் சாதாரண நீரைவிடக் கீழான உஷ்ணநிலையில்தான் உறையும் என்ற பௌதிக நியதியைப் பயன்படுத்தி, சாலையில் உப்பைத் தூவிப் பனியைக் கரைக்கிறார்கள். நியூ ஹாம்ஷயர் மாநிலம் 1938-இல் இதைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 1941–42 குளிர்காலத்தில் அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் இட்ட உப்பு 5,000 டன் அளவே. இன்று ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். மோட்டார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டின் தெருக்களுக்கு அடியில், 1,100 அடிக்கும் அதிகமான ஆழத்தில், ஒரு பெரிய உப்புச் சுரங்கமே இருக்கிறது. வண்டியைப் பெற்ற ஊரே அதைத் தின்னும் பொருளையும் தன் வயிற்றில் வைத்திருக்கிறது!

இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் போதும். உப்பு செய்யும் கெடுதல் என்னவென்றால், அது நீரை மின்சாரம் எளிதில் கடத்தும் திரவமாக்கித் துருவேறும் ரசாயனக் கிரியையைத் துரிதப்படுத்துகிறது. காற்றின் ஈரத்தை ஈர்த்து, வண்டி காய்ந்துவிட்டது போல் தோன்றும்போதும் இடுக்குகளை நனைத்தே வைத்திருக்கிறது. துருவுக்கு அது பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். ஆகவே ரிவெட் அடித்துச் சேர்த்த இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு புகுந்துவிட்டால், தகடுகளை அகல விரித்து, ரிவெட்டின் தலையையே பிய்த்துவிடும் பலம் அதற்கு உண்டாகிறது. கீழ் விளிம்பின்மேல் தங்கும் சேறு, பின்புற வில்பட்டைகளைத் தாங்கும் கொக்கிகளின் மறைவிடம், ஓட்டுநர் அறை உட்காரும் தாங்கிகளின் அடிப்புறம் ஆகியவையே சட்டம் முதலில் உளுத்துப்போகும் இடங்கள். நாலு பக்கமும் மூடிய பெட்டி வடிவச் சட்டங்களில் இன்னும் அபாயம். சேறு உள்ளே போகும், வெளியே வராது. வெளித்தோற்றம் நன்றாயிருக்கும்போதே உட்புறம் கரைந்துகொண்டிருக்கும். இது பழைய வண்டிகளுக்கு மாத்திரம் உரிய நோய் என்றும் எண்ண வேண்டாம். டொயோட்டா கம்பெனி 1995 முதல் 2000 வரையிலான தன் டகோமா லாரிகளில் சட்டம் உளுத்தவற்றைத் திரும்ப விலைக்கு வாங்கிக்கொள்ளும் திட்டத்தை 2008-இல் அறிவிக்க நேர்ந்தது. பிந்திய வண்டிகளைக் குறித்து எழுந்த வழக்கு 2016-இல் சமரசத்தில் முடிந்தபோது, கம்பெனிக்கு நேரக்கூடிய செலவு 340 கோடி டாலர் வரை போகலாம் என்று மதிப்பிட்டார்கள்.

சுத்தியல் பரீட்சை முடிந்தபின் அளவுப் பரீட்சை. ஒரு விபத்தோ, நெடுங்காலம் ஏற்றிய அதிக பாரமோ சட்டத்தை வளைத்திருக்கலாம், முறுக்கியிருக்கலாம், ஒரு கால் முன்னும் மறு கால் பின்னுமாக நகர்த்தியுமிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சமதளமான சிமெண்டுத் தரையின்மேல் சட்டத்தை நான்கு தாங்கிகளில் நிறுத்தி, ரசமட்டம் பார்த்துச் சமன் செய்து, இரு பக்கத்திலும் ஒத்த இடங்களிலுள்ள துளைகளிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் புள்ளிகளைத் தரையில் சாக்கால் குறித்துக்கொண்டு, பிறகு மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பார்க்க வேண்டும். இரண்டு குறுக்களவுகளும் ஒன்றாயிருந்தால் சட்டம் சதுரம். வேறுபட்டால் அது சாய்ந்துவிட்டது என்று பொருள். கம்பெனி வெளியிட்ட பழைய பட்டறைப் புத்தகங்களில் இந்த அளவுகள் படத்தோடு கிடைப்பதுண்டு. வளைவைக் கண்டபின், அதை வீட்டிலேயே ஜாக்கியும் சங்கிலியும் கொண்டு இழுத்துச் சரிசெய்ய முயல்வதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்; அதற்கென்று தரையில் பதித்த யந்திரம் வைத்திருக்கும் பட்டறைகள் உண்டு, அவர்களிடம் கொடுப்பதே விவேகம். இறுகப் பிடித்த சங்கிலி அறுந்தால் அது எங்கே பாயும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இப்போது விஷயத்தின் சூட்சுமத்துக்கு வருகிறோம். பழைய சட்டத்தைப் பழுதுபார்க்கும் வீட்டு மெக்கானிக் சாதாரணமாகச் செய்யும் தவறு, குறைவாகச் செய்வதன்று, அதிகமாகச் செய்வது. கால் அங்குலத் தகடு கிடைத்தால் கால் அங்குலத் தகட்டையே வெட்டி, உளுத்த இடத்தின்மேல் பெரிதாக ஒட்டி, நாலு ஓரமும் சுற்றிலும் பற்றவைத்து, “இனி இது யானையைத் தாங்கும்” என்று திருப்தியடைகிறான். யானையைத் தாங்கும் என்பது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் சட்டத்தின் தர்மம் விறைத்து நிற்பதன்று. மேடு பள்ளமான வழியில் ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கும்போது, தோளில் காவடித் தண்டு அடிக்கு அடி வளைந்து நிமிர்வதுபோல, திறந்த வாய்க்கால் வடிவச் சட்டம் சிறிது முறுக்கிக் கொடுத்து மீண்டும் தன் நிலைக்கு வருகிறது. இதை அறிந்துதான் செவர்லே பொறியாளர்கள் ஓட்டுநர் அறையைச் சட்டத்தோடு இறுகப் பிணைக்காமல் ரப்பர் வைத்த தாங்கிகளில் உட்கார வைத்தார்கள். அப்படி வளையும் ஒரு சட்டத்தின் நடுவே விறைத்த கனத் தகடு ஒன்று வந்து அமர்ந்துவிட்டால், வளைவு முழுவதும் அந்தத் தகடு முடியும் ஓரத்தில் போய்க் குவிகிறது. சில ஆண்டுகளில் வெடிப்புக் காணுமிடம் தகடு ஒட்டிய இடமாயிராது. அதற்கு ஓர் அங்குலம் அப்பால், நேற்றுவரை நன்றாயிருந்த இரும்பில்தான் இருக்கும்.

பாரம் எப்படி ஓடுகிறது என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் பல விதிகள் தாமே விளங்கிவிடும். இரண்டு அச்சுகளுக்கு நடுவே பாரம் அழுத்தும்போது சட்டத்தின் மேல் விளிம்பு நெருக்குண்கிறது. கீழ் விளிம்பு இழுபடுகிறது. நடுத்தகட்டின் மையத்தில், வளைவினால் வரும் நெருக்கமும் இல்லை, இழுப்பும் இல்லை. ஆகவே துளையிட வேண்டுமானால் நடுத்தகட்டில் இடலாம். விளிம்பில், முக்கியமாக இழுபடும் கீழ் விளிம்பில், துளையிடலாகாது. இழுப்பின் திசைக்குக் குறுக்காக, விளிம்பின் அகலம் முழுவதும் ஒரு வெல்டிங் கோடு போடுவதும் ஆகாது. அங்கேதான் இரும்பு சூட்டினால் தன் இயல்பு மாறிப் பலஹீனமாயிருக்கும். ஒட்டும் தகட்டின் முனையைச் செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக, வைர வடிவில் குவித்து வெட்டினால், பாரம் ஒரே கோட்டில் வந்து மோதாமல் சிறிது சிறிதாகத் தகட்டுக்குள் ஏறுகிறது. தகட்டின் கனம் மூலச் சட்டத்தின் கனத்துக்கு மிஞ்ச வேண்டியதில்லை. இருந்ததை இருந்தபடி மீட்பதே காரியம். இருந்ததற்கு மேல் கூட்டுவதற்கு ஒருவனுக்குத் தக்க காரணம் வேண்டும்.

கழற்றும் வேலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. துருப்பிடித்த போல்ட்டுகளில் ஊடுருவும் எண்ணெயை முந்தின நாட்களிலேயே விட்டு வைப்பதும், கழற்றுமுன் ஒவ்வொரு இணைப்பையும் படமெடுத்துக்கொள்வதும், கழற்றியதைப் பெயரெழுதிய பையில் போடுவதும் பொறுமையுள்ள எவருக்கும் கைவருபவை. பெட்ரோல் தொட்டி மாத்திரம் தனி எச்சரிக்கைக்குரியது. மேலே சொன்ன வரிசைச் செவர்லே லாரிகளில் 1949 முதல் அது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், அறைக்குள்ளேயே வைக்கப்பட்டது. தீப்பொறி எழும் எந்த வேலைக்கும் முன்னதாக அதை வண்டியிலிருந்தே அப்புறப்படுத்திவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கலாகாது என்பதைப் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருப்பது வருத்தமே. ஆயினும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. இன்னொன்று: பழைய ஃபோர்டு லாரிகள் பலவற்றில் வண்டியின் அடையாள எண் வலப்புறச் சட்டத்தின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. கிரைண்டரைப் பிடித்த கை உற்சாகத்தில் அந்த எண்ணையும் சேர்த்துத் தேய்த்துவிட்டால், அடையாள எண்ணை அழிப்பதை அமெரிக்கச் சட்டம் குற்றமாகக் கருதுவதால், நல்ல வண்டி ஒன்று பத்திரமில்லாத அநாதையாகிவிடும்.

துருவை அகற்ற முதலில் கம்பிப் பிரஷ், செதில் உரிக்கும் ஊசிச் சுத்தியல். மணல் வீச்சு எல்லாவற்றிலும் துரிதமானது. ஆனால் ஆற்று மணலையோ வேறு சிலிகா மணலையோ அதற்குப் பயன்படுத்துவது நுரையீரலைக் கல்லாக்கும் சிலிகோசிஸ் நோயை அழைப்பதாகும். பிரிட்டனில் 1950-ஆம் ஆண்டு முதலே இந்த வேலைக்குச் சிலிகா மணல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. நொறுக்கிய கண்ணாடித் தூளும் உலைக் கசடும் இப்போது அந்த ஸ்தானத்தை வகிக்கின்றன. மூலை முடுக்குகளில் எஞ்சும் மெல்லிய துருவுக்கு மாற்றுத் திரவங்கள் உண்டு: பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக்குகிறது, டானிக் அமிலம் அதைக் கருநீலமான, அசையாத ஒரு கூட்டுப்பொருளாக்குகிறது. இவை மெல்லிய துருவுக்கு மருந்தேயன்றி, உளுத்துப்போன இரும்புக்கு உயிர் கொடுப்பவை அல்ல என்பதை விற்பனைக்காரர் அழுத்திச் சொல்வதில்லை.

சுத்தம் செய்தபின், உளுத்த பாகத்தைக் கூச்சப்படாமல் நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுக்க வேண்டும். காகிதம்போல் மெலிந்த விளிம்பில் வெல்டிங் நிற்காது, நிற்பதுபோல் தோன்றும். வெடிப்பு மாத்திரம் கண்டிருந்தால், அது முடியும் நுனியைக் கண்டுபிடித்து அங்கே சிறு துளையிட்டு அதன் ஓட்டத்தை நிறுத்தி, பிளவைச் சரிவாகக் குடைந்துவிட்டுப் பிறகு நிரப்புவது முறை. அரை டன் லாரிகளின் சட்டம் சாதாரண மென்மையான எஃகு. வீட்டில் வைத்திருக்கும் மிக் வெல்டிங் யந்திரம், முக்கால் பங்கு ஆர்கானும் கால் பங்கு கரியமில வாயுவும் கலந்த காப்பு வாயுவோடு, அதற்கு ஏற்றதே. திறந்த வெளியில் காற்று அந்தக் காப்பு வாயுவை அடித்துக்கொண்டு போய்விடுமாதலால் கொட்டகைக்குள்ளே செய்ய வேண்டும். ஒரே மூச்சில் நீளக் கோடு இழுத்தால் சூடு சட்டத்தைக் கோணலாக்கும். இங்கே ஓரங்குலம், அங்கே ஓரங்குலம் என்று இடம்மாற்றி, ஆறவிட்டு, இடையிடையே அளவுகளைச் சரிபார்த்துக்கொண்டு செல்வது நிதானமுள்ளவனின் வழி. பெரிய பார லாரிகளின் சமாசாரம் வேறு. அவற்றுள் பலவற்றின் சட்டம், சதுர அங்குலத்துக்கு 110,000 பவுண்டு இழுப்பைத் தாங்கும்படி சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. சாதாரண எஃகு தாங்குவதோ 36,000 அளவில். வெல்டிங் சூடு பட்டவுடன் அந்தப் பதம் அவ்விடத்தில் கலைந்துவிடும். ஆதலால்தான் அச்சட்டங்களில் பற்றவைக்கவோ விளிம்பில் துளையிடவோ கூடாதென்று எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருக்கிறார்கள்.

வெல்டிங்கில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அபாயமும் உண்டு. பிரேக்கைச் சுத்தம் செய்ய விற்கும் திரவங்களில் சில, குளோரின் கலந்தவை. அத்தகைய திரவத்தால் துடைத்த இரும்பு நன்றாக உலருமுன் அதன்மேல் வெல்டிங் சுடர் பட்டால், முதல் உலக யுத்தத்தில் ஆயுதமாகப் பயன்பட்ட பாஸ்ஜீன் என்னும் விஷவாயு உண்டாகும். புட்டியின்மேல் எழுதியிருப்பதை வாசிக்காமல் எதையும் எடுக்க வேண்டாம்.

ரிவெட் என்பது ஒரு சாமர்த்தியமான பொருள். அடித்தபோது துளையை முழுவதும் நிரப்பிக்கொண்டு, தகடுகளைச் சேர்த்து நெருக்கியது அது. தளர்ந்த ரிவெட்டின் தலையைக் கிரைண்டரால் அறுத்து, நடுவில் துளையிட்டு, உளியால் தள்ளிவிட்டபின், அந்த இடத்தில் போல்ட் போடுவதே வீட்டில் சாத்தியம். எந்தப் போல்ட் என்பதில் சிலர் அலட்சியமாயிருக்கிறார்கள். தலையில் ஆறு கோடுகள் பொறித்த எட்டாம் தரத்துப் போல்ட் சதுர அங்குலத்துக்கு 150,000 பவுண்டு தாங்கும். மூன்று கோடுள்ள ஐந்தாம் தரம் 120,000. போல்ட் துளையை ரிவெட்டைப் போல் நிரப்பிக்கொள்ளாது. ஆகையால் துளையைச் செப்பமாகச் சீவி, போல்ட் தட்டினால்தான் இறங்கும் என்ற அளவுக்கு இறுக்கமாக்கிவிட வேண்டும். இல்லையேல், எவ்வளவு உயர்ந்த தரமாயினும் அது துளைக்குள் ஆடி, வருஷத்துக்கு வருஷம் துளையைப் பெரிதாக்கிக்கொண்டே போகும்.

பூச்சு விஷயத்தில் ஆளுக்கொரு அபிப்பிராயம். எபாக்ஸி பிரைமரின்மேல் கறுப்பு வர்ணம் என்பது பெரும்பாலோர் வழி. துருவின் மீதே பூசத்தக்கது என்று விற்கப்படும் பி.ஓ.ஆர்.-15 போன்ற பூச்சுகள் காற்றின் ஈரத்தை வாங்கியே இறுகுகின்றன. வெயில் ஆகாதாகையால், வெளிச்சம் படும் இடங்களில் அவற்றின்மேல் இன்னொரு வர்ணம் வேண்டும். பவுடர் கோட்டிங் பார்வைக்கு அழகு. ஆனால் ஒரு கல் பட்டுத் தெறித்த இடத்தில் ஈரம் நுழைந்தால் துரு அந்த அழகுக்கு அடியிலேயே படர்ந்துபோகும். பிரிட்டனில் லேண்ட் ரோவர் பிரியர்கள் சட்டத்தையே சுமார் 450 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்துவிடுகிறார்கள். நாள்பட உழைப்பதில் அதற்கு நிகர் குறைவு. அதற்குமுன் வெல்டிங் வேலை யாவும் முடிந்திருக்க வேண்டும், மூடிய பாகங்களில் காற்றுப் போக்குத் துளைகளும் இருக்க வேண்டும். என் மட்டில், வெளியே என்ன பூசினாலும், உள்ளே இடுக்குகளில் மெழுகோ கம்பளிக் கொழுப்புச் சேர்ந்த எண்ணெயோ பீச்சியடித்து ஆண்டுதோறும் புதுப்பிப்பதே அதிகப் பிரயோஜனமுள்ளது என்று தோன்றுகிறது. துரு வெளியிலிருந்து வருவதைவிட உள்ளிருந்து வருவதே அதிகம்.

கடைசியாகக் கூட்டைத் திரும்ப இறக்கும்போது, புதிய ரப்பர்த் தாங்கிகளின்மேல் ஓட்டுநர் அறை அமர்ந்ததும் கதவுகளைச் சாத்திப் பார்க்கிறார்கள். கதவின் இடுக்கு மேலே அகன்று கீழே நெருங்கியிருந்தால், உடனே கீலைப் பிடித்து முறுக்கும் ஆசை எழும். கீலில் கை வைக்கு முன்னே அறையைத் தாங்கும் இடங்களின் உயரத்தை அளந்து, எந்தத் தாங்கி தாழ்ந்திருக்கிறதோ அதன் அடியில் ஒரு மெல்லிய ஷிம் தகட்டைச் செருகி, போல்ட்டை இறுக்கி, கதவை மறுபடி சாத்திப் பார்க்க வேண்டும்; பெரும்பாலும் கீல் குற்றமற்றது என்பது அப்போது தெரியவரும்.